அளவு உடம்பு

சர்க்யூட் ரூமின் சுவரோரம் ஒரு பெரிய அலமாரி இருந்தது. அதில் நூற்றிருபது குட்டி இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சாமான்; ஒவ்வொன்றின் முகத்திலும் அக்காவுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர். அந்த அறையைக் கூட்டித் துடைப்பதும் டீ போட்டுக் கொடுப்பதும் அக்காவின் வேலை. தரையில் விழுந்து கிடக்கும் கடுகளவு, அரிசியளவு சாமான்களைப் பொறுக்கி, அதையதை அதனதன் இழுப்பறையில் போட வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. எதை எதில் போடுவது? அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் கேட்கக் கூச்சம். பொறுக்கியதையெல்லாம் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டு, ‘ஆண்டவனே, இன்றைக்கும் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்’ என்று வேண்டியபடி நாளை ஓட்டினாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், நூற்றிருபது இழுப்பறையிலும் படம் வரைந்து ஒட்டியிருக்கிறது. கோடு போட்ட குச்சி ஒன்று, பருப்பு மாதிரி ஒன்று, மூன்று கால் பூச்சி ஒன்று, சுருட்டி வைத்த கம்பி ஒன்று.

“இது யாரு சார் வரைஞ்சது?” என்று மேஜையில் வேலையாக இருந்த இஞ்சினியரிடம் அக்கா கேட்டாள்.

“நான்தான் அக்கா. கண்ணு மங்கிட்டே வருது. எழுத்து சரியாத் தெரியல. படம்னா பட்டுனு தெரியுது.”

இதைச் சொல்லும்போது அவர் கையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சாமான் இருந்தது. அதன் முதுகில் அச்சடித்திருந்த எண்ணைக் கண்ணாடிகூடப் போடாமல் அவர் படிக்கப் படிக்க, உடன் வேலை செய்யும் நோட்டு மேடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா முடிச்சை அவிழ்த்து, குச்சியைக் குச்சியோடும் பூச்சியைப் பூச்சியோடும் சேர்த்தாள்.

அவர்தான் உப்பு சார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும்; வேறெங்கும் புழங்கவில்லை. பேஜருக்கு சர்க்யூட் போடுவது அவர் தொழில். பேஜர் என்றால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. இடுப்பில் மாட்டிக்கொண்டு திரியலாம். யாராவது கூப்பிட்டால் பீப் பீப் என்று கத்தி, கூப்பிட்டவரின் நம்பரைக் காட்டும். பதில் பேசத் தெரியாது. “எங்க வீட்டுக்காரர் மாதிரியே” என்பாள் நோட்டு மேடம். அவள் உப்பு சாரின் உதவி இஞ்சினியர். எந்நேரமும் மடியில் ஒரு நோட்டு, அதில் எண்கள்.

பேஜர் முழு நேரமும் விழித்திருந்தால் இரண்டே நாளில் பாட்டரி தீர்ந்துவிடும். அதனால் தூங்கும், ஒரு கணம் விழித்து, தன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டும், இல்லையென்றால் மறுபடி தூங்கும். உப்பு சாரும் அப்படியே. மீட்டிங்கில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். யார் என்ன கத்தினாலும் அசைய மாட்டார். ‘உப்பு சார்’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், சட்டென்று விழித்துச் சரியான பதிலைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். அவரைப் பார்த்து டப்பாவைச் செய்தார்களா, டப்பாவைச் செய்து செய்து அவர் அப்படி ஆனாரா என்பது அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

‘உப்பு’ என்று பெயர் வந்த கதை வேறு. பேஜர் மேஜைமேல் இருந்தால் ஒரு விதமாகக் கேட்கும். மனிதர் இடுப்பில் இருந்தால் வேறு விதமாகக் கேட்கும். மனித உடம்பு பாதிக்குமேல் உப்புத் தண்ணீர்; அதுவும் டப்பாவோடு சேர்ந்து அலையைப் பிடிக்கும். அதனால் சோதனைக்கென்று ஓர் ஆள் வைத்திருந்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு, கட்டிப்பிடித்தால் கை எட்டும் பருமனில், ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். உள்ளே உப்புத் தண்ணீர். அவர் இடுப்பில் பேஜரை மாட்டி, செம்புவலை அடித்த கூண்டு அறைக்குள் நிறுத்திச் சோதிப்பார்கள். அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தது நோட்டு மேடம். “ஒரு வேலையும் செய்ய மாட்டார். ஆனா அவரைச் சுத்தி நாலு பேர் நிக்கணும். நகர்த்தணும்னா ரெண்டு பேர் தாங்கணும்.”

மாப்பிள்ளைக்கு உப்பு அளந்து போடுவது மட்டும் உப்பு சார் கையால்தான் நடக்கும். தராசில் கிராம் கிராமாக நிறுப்பார். மேனேஜர் அதைப் பார்க்கும்போதெல்லாம், “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. இவர் தண்ணிக்கு உப்பிடுறாரு. யாரு நினைக்கப் போறா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அட்டைப்பெட்டிமேல் ஆசை உள்ளவர். கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்க இடமில்லை என்ற குறை அவரை வாட்டியது. அந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

“உப்பு சார், ஆறு வாரம். ஆஸ்பத்திரிக்காரங்க வந்து உங்க புது டப்பாவைப் பரீட்சை பண்றாங்க. பாஸானா பத்தாயிரம் பீஸ் எடுப்பாங்க. ஃபெயிலானா இந்த ரூமை குடோன் ஆக்கிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நீங்க கீழே பேக்கிங் செக்‌ஷன்.”

உப்பு சார் கண்ணைத் திறந்தார். “பேக்கிங்ல எனக்கு என்ன வேலை சார்?”

“டேப் ஒட்டணும்.”

அன்றைக்கு உப்பு சார் டீயைத் தொடவில்லை. ஏனென்று அக்காவுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் அவர் மற்றவர்கள் வரைந்த சர்க்யூட்டை வாங்கி, அங்கே ஒரு கம்பியைக் குறைத்து, இங்கே ஒரு சாமானை மாற்றிக் காலம் தள்ளியவர். இந்த ஒன்றுதான் அவர் சொந்தத் தலையில் முளைத்தது. இதை பஸ் டிக்கெட்டின் பின்னாலும், வீட்டுக் காலண்டர் தாளிலும், ஒரு தடவை தலையணை உறையிலும் வரைந்திருக்கிறார். மற்ற டப்பாவெல்லாம் ஒரு பாட்டரியில் ஒரு மாதம் ஓடினால் இது மூன்று மாதம் ஓடும். நோட்டு மேடத்திடம் ஒரு நாள் சொன்னார்: “எனக்குப் பிள்ளை இல்லை. இது ஒரு தடவை யாரோ ஒரு டாக்டர் இடுப்புல கத்தி, அவர் ஓடிப்போயி ஒரு உசிரு பிழைச்சா போதும். அப்புறம் நான் டேப்பும் ஒட்டுவேன், கோந்தும் தடவுவேன்.”

அன்றிலிருந்து அக்கா தன் பிரார்த்தனையில் கணவர், மகள் இருவருக்கும் அடுத்தபடியாக அந்த டப்பாவைச் சேர்த்துக்கொண்டாள்.

வேண்டிக்கொண்டதோடு விட்டிருக்கலாம். தன்னால் ஆன உதவி ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அரித்தது. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அடியில் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. ‘ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிற நேரத்தில் இப்படியா நிற்பது!’ சனிக்கிழமை எல்லோரும் போனபிறகு, தண்ணீரைத் திறந்துவிட்டு, பாத்திரம் துலக்கும் பொடி போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, நீளக் கம்பில் துணி கட்டித் தேய்த்தாள். மாப்பிள்ளை பளபளவென்று ஆகிவிட்டார். திங்கட்கிழமை உப்பு சார் தண்ணீர் நிரப்பினார். பாதிக்கு வந்ததும் அடிவாரத்திலிருந்து மேல் நோக்கி, டப் என்று ஒரு கோடு ஓடியது. அப்புறம் அறையெல்லாம் உப்புத் தண்ணீர்.

அக்கா துடைக்கும் துணியோடு நடுத்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், நான்தான் வெந்நீர் ஊத்தித் தேய்ச்சேன். பாசியா இருந்துச்சு. பாவி, நான்தான்.”

உப்பு சார் காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். “அவரு வந்து நாலு வருஷமாச்சு அக்கா. ஒரு நாள் குளிச்சதில்லை. போற வழிக்குச் சுத்தமாப் போகட்டும்.”

“புதுசு வாங்கிடலாமா சார்?”

“கப்பல்ல வரணும். மூணு மாசம்.”

பரீட்சைக்கு ஐந்து வாரமே இருந்தது. உடம்பு இல்லாமல் டப்பாவின் காதைத் திருத்த முடியாது. டப்பாவுக்குள் அரிசியளவில் ஒரு திருகு இருக்கும். பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் அதை மயிரிழை திருப்பி, கேட்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். “குழாய் இல்லேன்னா என்ன? ஊருல ஆளா இல்லை?” என்றாள் நோட்டு மேடம். கூண்டுக்குள் ஒரு மரத்தட்டு உண்டு. அதன்மேல் ஆளை நிறுத்தி, வெளியிலிருந்து நைலான் கயிற்றை இழுத்தால் தட்டு சுற்றும். எட்டுத் திசைக்கும் நிறுத்தி, காதோடு காதாகப் பேசுகிற அளவுக்கு மெல்லிய அலையை அனுப்பி, எத்தனை திசையில் டப்பா கத்துகிறது என்று எண்ணுவார்கள்.

முதலில் நோட்டு மேடமே ஏறினாள். சுற்றத் தொடங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு குலுங்கும். வயிறு குலுங்கினால் எண் மாறும். ஒரு தடவை ஆறு, ஒரு தடவை மூன்று. அடுத்து வாட்ச்மேன். அவருக்குத் தலை சுற்றிக் கூண்டின் வலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். மேனேஜரையும் கேட்டுப் பார்த்தார்கள். “நான் மேனேஜரா, ராட்டினமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

“நான் நிக்கவா சார்?” என்றாள் அக்கா. செய்த பாவத்துக்கு ஏதாவது பரிகாரம் வேண்டாமா?

“இரும்பு எதுவும் உடம்புல இருக்கக் கூடாது அக்கா. இரும்பு இருந்தா டப்பாவோட காது குழம்பும். உங்களது என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் கழட்டிடுங்க.”

அக்கா கொண்டை ஊசியைக் கழற்றினாள். நான்கு சேஃப்டி பின்னைக் கழற்றினாள். செருப்பில் ஆணி இருக்கிறதென்று செருப்பையும் விட்டாள். பல்லில் அடைத்த ஈயத்தை என்ன செய்வது என்று கவலையோடு கேட்டாள், பரவாயில்லை என்றார்கள். “என்னோடது எல்லாம் கழட்டியாச்சு சார்.”

அவளுடையது எல்லாம் கழற்றியாகிவிட்டதுதான். ஆனால் அவள் போட்டிருந்த நீல மேலங்கிக்கு உள்ளே, முதுகுப் பக்கம், வாரில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. இருபத்து மூன்று அறைச் சாவிகள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லியிருந்தார்: “இது உங்க உடம்பை விட்டு இறங்கினா, நீங்க வேலையை விட்டு இறங்கணும்.” வேலை செய்கிறவர்களுக்குக் கிலுகிலு சத்தம் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அக்கா அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பதினோரு வருடமாகச் சுமந்ததில், அது இருப்பது அவளுக்கே மறந்துவிட்டது. அதோடு, அது ஆபீஸுடையது. உங்களது என்றுதானே சார் கேட்டார்?

தட்டில் ஏறினாள். கண்ணை மூடி, மனசுக்குள் ஒரு பிரார்த்தனையை ஆரம்பித்தாள். நோட்டு மேடம் கயிற்றை இழுத்தாள். அக்கா குத்துக்கல் மாதிரி நின்றாள். மூச்சுகூட அளவாக வந்தது. எட்டுத் திசையிலும் மூன்று தடவை சுற்றினார்கள். நான்கு, நான்கு, நான்கு.

“மேடம்!” என்று உப்பு சார் கத்தினார். அவர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. “மாப்பிள்ளைகூட இப்படி நின்னதில்லை!”

“சார், நான் பொம்பளைங்க சார். மாப்பிள்ளைங்கறீங்க.”

“அதைவிடுங்க அக்கா. தையல்காரர்கிட்ட அளவு சட்டை கொடுக்கிறோம் இல்லையா? அதுக்குப் பொருந்தினா எல்லாம் பொருந்தும். இன்னையிலிருந்து நீங்க எனக்கு அளவு உடம்பு. ஒரே ஒரு வேண்டுதல். அஞ்சு வாரத்துக்கு இந்த உடம்பு மாறக் கூடாது. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.”

அக்கா அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் பார்சல் எடை போடும் மெஷினில் ஏறி நிற்பாள். நோட்டு மேடம் எழுதிக்கொள்வாள். உறவுக்காரர் வீட்டில் ஒரு விருந்து. மறுதடவை பரிமாற வந்த நாத்தனாரின் கையைத் தடுத்துவிட்டாள்.

“ஏன் அண்ணி? எங்க வீட்டுச் சாப்பாடு இறங்கலையா?”

“அய்யோ, அப்படியில்ல. இது ஆபீஸ் உடம்பு. எனக்கு உரிமை இல்லை.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், கூடத்தில் இருந்த அத்தனை பேரிடமும் அதைச் சொன்னாள். பஸ் ஓட்டும் வேலையில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும், “உடம்பு அவங்களோடதுன்னா, முழங்கால் வலிக்குத் தைலம் மட்டும் நான் ஏன் வாங்கணும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

உப்பு சாரின் மனைவி பாலர் பள்ளியில் டீச்சர். ஒரு நாள் மதியம் அவர் மறந்துவைத்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. தட்டின்மேல் அக்கா கண்மூடி நிற்க, உப்பு சார் மண்டியிட்டு, அவள் இடுப்புக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“அளவு எடுக்கிறேன்” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

“கல்யாணமாகி இருபது வருஷத்துல எனக்கு ஒரு வளையலுக்கு அளவு எடுத்ததுண்டா?”

அக்காவுக்குக் கண்ணைத் திறக்கவும் பயம். திறக்காமல் இருக்கவும் பயம். “டீச்சரம்மா, நான் ஒரு குழாய்க்குப் பதிலா நிக்கிறேன்மா. வேற ஒண்ணுமில்ல.”

டீச்சர் முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றினாள். “அப்போ என்னை நிக்க வைங்க. எனக்கு என்ன குறை?” ஏற்றினார்கள். குறை ஒன்றும் இல்லை, வாய்தான். முதல் திசையில் கூண்டில் ஒட்டடை இருப்பதைச் சொன்னாள், இரண்டாவது திசையில் பால்காரர் வராததைச் சொன்னாள், மூன்றாவது திசையில் உப்பு சாரின் தம்பியைப் பற்றி ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எண் ஏறி இறங்கியது. எட்டாவது திசை வருவதற்குள் நோட்டு மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி, சரி, அக்காவே நிக்கட்டும்” என்று டீச்சர் தானாகவே இறங்கினாள். அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு டப்பாவில் அக்காவுக்கு ஒரு பங்கும் வந்தது. அதையும் நிறுத்துத்தான் சாப்பிட்டார்கள்.

திருகத் திருக எண் ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு. நான்காவது வாரக் கடைசியில் எட்டுக்கு எட்டு. உப்பு சார் திருகின்மேல் ஒரு சொட்டு மெழுகு விட்டு ஒட்டினார். இனி அசையாது. அன்று அவர் டீயை இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தார்.

பரீட்சை நாளும் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று பேர். ஒருவர் பெரிய டாக்டர். ஒருவர் ஒல்லியான அதிகாரி. விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தார். மூன்றாவது, வார்டிலிருந்து நேராக வந்துவிட்ட ஒரு நர்ஸம்மா. விதி இதுதான்: யார் இடுப்பில் மாட்டினாலும் எட்டில் ஆறு திசையிலாவது கத்த வேண்டும். மேனேஜர் டேப் அளவுகோலோடு வந்து, அறையின் நீள அகலத்தை மெல்ல அளந்துகொண்டிருந்தார்.

முதலில் அக்கா. எட்டுக்கு எட்டு. பெரிய டாக்டர் கை தட்டினார். “பிரமாதம். எங்கே, எனக்கு மாட்டுங்க.”

அவர் ஏறிச் சுற்றினார். மூன்று.

ஒல்லி அதிகாரி ஏறினார். இரண்டு. அதிலும் ஒன்று சந்தேகம்.

நோட்டு மேடம் மறுபடி கயிற்றை இழுத்தாள். மறுபடியும் இரண்டு. மேனேஜர் அலமாரியின் அகலத்தை அளந்தார்.

“அப்போ ஒவ்வொரு டாக்டருக்கும் இந்த அம்மாவை ஆளுக்கொருத்தரா அனுப்புவீங்களா?” என்றார் பெரிய டாக்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. உப்பு சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அது தூக்கம் இல்லை. இமை நடுங்குவதை அக்கா பார்த்தாள்.

“நானும் வந்ததுக்கு ஒரு தடவை ஏறிடுறேன்” என்று நர்ஸம்மா ஏறினாள். ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. நோட்டு மேடம் ஏனோதானோவென்று இழுத்தாள். பீப். பீப். பீப்.

ஏழு.

எல்லோரும் திகைத்து நின்றபோது நர்ஸம்மா தட்டிலிருந்து குதித்து இறங்கினாள். கிலுகிலு என்று ஒரு சத்தம். அவள் இடுப்பில் வார்டு மருந்தலமாரிச் சாவிகள், ஒரு கத்தரிக்கோலோடு சேர்ந்து தொங்கின.

அக்காவின் கை தானாக முதுகுப் பக்கம் போனது. துணிச் சுருள் தட்டுப்பட்டது. முதலில் வெந்நீர், இப்போது இது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால், சாவி உடம்பை விட்டு இறங்க வேண்டும். மேனேஜர் மூன்றடி தூரத்தில் நிற்கிறார். வீட்டில் மகளின் படிப்பு இருக்கிறது. ‘ஆண்டவனே, வாயைக் கொடுத்தவன் நீ, நீயே பார்த்துக்கோ.’

“உப்பு சார்” என்றாள்.

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“சார், என்னோட இரும்பைத்தான் நான் கழட்டினேன். ஆபீஸ் இரும்பு உள்ளேயே இருந்துச்சு.” மேலங்கிக்குள் கையை விட்டு, வாரை அவிழ்த்து, துணியைப் பிரித்து, இருபத்து மூன்று சாவியையும் மேஜைமேல் வைத்தாள்.

“சாவியை இறக்கினா என்ன சொன்னேன்?” என்று மேனேஜர் பாய்ந்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று உப்பு சார் கையைக் காட்டினார். சாவிக்கொத்தை எடுத்து, ஒல்லி அதிகாரியின் முதுகுப் பக்கம் பெல்ட்டில் மாட்டினார். அந்த மனிதர் கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தார். விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றினார். எட்டுக்கு எட்டு! பெரிய டாக்டருக்கு மாட்டினார்கள். எட்டு! வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் வலையைப் பிடித்துத் தொங்கியபடியே எட்டு!

“கேட்குது” என்றார் பெரிய டாக்டர். “ஆனா டாக்டருங்க எல்லாரும், ஆளுக்கு இருபத்து மூணு சாவி மாட்டிக்கிட்டு ஓடினா, நோயாளி எழுந்து ஓடிடுவாங்களே!”

உப்பு சார் கண்ணை மூடினார். இந்தத் தடவை இமை நடுங்கவில்லை. எண்ணிப் பத்து மூச்சு. திறந்ததும் நேராக டீ மேஜைக்குப் போனார். பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்தார். “நர்ஸம்மா, அந்தக் கத்தரிக்கோலைக் கொடுங்க.”

“சார், அது என்னோட டின்னு” என்றாள் நோட்டு மேடம்.

“சாவி செய்யற வேலையைத் தகரம் செய்யட்டும்.” மூடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினார். மடித்தார். டப்பாவின் முதுகில், பெல்ட்டில் மாட்டும் கொக்கி இருக்கிற இடத்தில் வைத்துக் கட்டினார். ஒல்லி அதிகாரிக்கு மாட்டினார். நான்கு. பட்டையை ஒரு நகம் குறைத்தார். ஐந்து. இன்னும் ஒரு நகம். இப்படி டின் மூடி முழுவதும் தீர்ந்து, அடி டின்னில் கை வைத்து, விரலில் ரத்தம் வந்து, நர்ஸம்மா கட்டுப்போட்டு, ஒன்பதாவது பட்டையில் எட்டு. சாவியே இல்லாமல் எட்டு! பெரிய டாக்டருக்கு எட்டு. நர்ஸம்மாவுக்கு ஏழு. கடைசியில் மேனேஜரையும் தட்டில் ஏற்றினார்கள். பெரிய டாக்டர் சொல்லும்போது மறுக்க முடியுமா? டேப் அளவுகோல் கையிலேயே இருக்க, எட்டுத் திசையிலும் பீப் பீப் என்று கத்திக்கொண்டு சுற்றினார்.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். பத்தாயிரம் டப்பா, முதுகில் தகரக் கொக்கியோடு.

ஒல்லி அதிகாரி மட்டும் புத்தகத்தை மூடவில்லை. “இங்கே ஒரு கட்டம் இருக்கு. எந்த உடம்பை அளவா வெச்சுச் செஞ்சீங்க?”

“பெருக்குற அக்காவை” என்றார் உப்பு சார்.

அதிகாரி அப்படியே எழுதினார். ‘அளவு உடம்பு: பெருக்கும் அக்கா. கொண்டை ஊசி இல்லாமல். சாவி இருபத்து மூன்றோடு.’ எடையும் எழுதினார். “விதிப்படி, டப்பா செஞ்சு முடிக்கிற வரைக்கும் அளவு உடம்பு மாறக் கூடாது. மாசம் ஒரு தடவை சரிபார்க்கணும். சாவியை அவங்ககிட்டேயிருந்து பிரிக்கக் கூடாது. அவங்களை வேலையிலேருந்தும் நிறுத்தக் கூடாது.” மேனேஜர் சாவிக்கொத்தை எடுத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். அக்கா தாளில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆக, அறை தப்பியது. ஆனால் உப்பு சாரை அதில் வைத்திருக்கவில்லை. பத்தாயிரம் டப்பா செய்யும் ஆலை ஒரு பகல் தூரத்தில் இருந்தது. சர்க்யூட் போகிற இடத்துக்கு, போட்டவரும் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் கிளம்புகிற வாரத்தில் புது மாப்பிள்ளை கப்பலில் வந்து சேர்ந்தார். அவர் இடுப்பில் மாட்டினால் ஆறுதான் வந்தது. விதிப்படி அக்காதான் சரி, குழாய்தான் தப்பு. அதனால் அக்காவுக்கு ஒத்துவரும்வரை உப்பைக் கூட்டிக் குறைத்து மாப்பிள்ளையைத் திருத்தினார்கள். “பொம்பளை சொல் கேட்டுத் திருந்தின ஒரே மாப்பிள்ளை” என்றாள் நோட்டு மேடம்.

போன பிறகு அவரிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். சேமம் விசாரிப்பு இருக்காது, ‘எடை என்ன?’ என்று ஒரே வரி. இந்தப் பக்கத்திலிருந்து ஒரே எண் போகும். ஆலையில் டப்பா எல்லாம் செய்து முடிந்ததும் கடிதம் நின்றது. நேரில் அக்கா அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் கிளம்பிய அன்றுதான்.

கம்பெனி வாசலில் சாமான் ஏற்றிய வேன் நின்றது. முன் சீட்டில் டீச்சர், டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் இன்னும் கிளம்பவில்லை. பின்னால், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, உப்பு சார் மடியில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வேன் உறுமியது.

“உப்பு சார்” என்றாள்.

அவர் விழித்தார். அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். முகம் வாடியது. “ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க.”

“நீங்க போறீங்கன்னு நாலு நாளா சாப்பாடு இறங்கல சார்.”

வேன் நகர்ந்தது. அவர் பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இரைச்சலுக்கு மேலே கத்தினார்:

“பத்தாயிரம் டப்பா உங்களை நம்பித்தான் போகுது அக்கா. நல்லா சாப்பிடுங்க. இளைச்சிடாதீங்க!”